கொல்லிமலை மிளகும் கையெழுத்தில்லாத ஆலோசனையும்

2024 டிசம்பர் 21 அன்று ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் ஜிஎஸ்டி கவுன்சிலின் 55-வது கூட்டம் நடந்தது. பழைய கார் விற்பனைக்கான வரியும் பாப்கார்னுக்கான வரியும் மறுநாள் செய்திகளை நிறைத்துக்கொண்டன. அதே கூட்டத்தில் வந்த இன்னொரு விளக்கம் ஓரமாக ஒதுங்கிவிட்டது. விவசாயி தன் நிலத்தில் விளைந்த மிளகை விற்றால், அது பச்சை மிளகானாலும் சரி, காயவைத்த மிளகானாலும் சரி, அவர் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை, பதிவு செய்யவும் வேண்டியதில்லை என்பதே அந்த விளக்கம். 2025 பிப்ரவரியில் அது சுற்றறிக்கையாகவும் வந்தது.

ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது 2017 ஜூலை 1. இந்த ஒரு வரி பதிலுக்கு ஏழரை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. விவசாயிக்குப் பதிவு தேவையில்லை என்று சட்டத்தின் 23-வது பிரிவு முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தது. ஆனால் காயவைத்த மிளகு 5 சதவீத வரிப் பட்டியலில் இருந்தது. களத்தில் பாய் விரித்து வெயிலில் உலர்த்தியதும் விவசாயி வியாபாரி ஆகிவிடுகிறாரா என்ற சந்தேகம் அதனால்தான் எழுந்தது. கேட்டவர்களுக்கு ஊருக்கு ஒரு பதில் கிடைத்தது. அந்தப் பதில்களில் எதன் அடியிலும் யாருடைய கையெழுத்தும் இல்லை.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ‘நாடு’ எனப்படும் 14 பகுதிகளில் ஒன்றான பெரக்கரை நாட்டை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, அதன் நிழலில் காப்பிச் செடி, கொஞ்சம் தள்ளி வாழையும் பலாவும், மேட்டு நிலத்தில் சாமை என்பதுதான் இந்த மலையின் விவசாயம். நிலத்துக்காரர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்து வியாபாரிகள் வாங்கிப்போகும் மிளகும் காப்பியும் எங்கெங்கோ போகின்றன. சரக்கு எல்லை தாண்டுவது இங்கே புதிய சங்கதி அல்ல. இப்போது புதிதாக நடப்பது ஒன்று உண்டு. படித்த பிள்ளைகள் கைப்பேசியை வைத்துக்கொண்டு தாங்களே எல்லை தாண்டி விற்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வழி சொல்ல ஆள் இல்லை என்பதே என் கவலை.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா தன் கொடியில் பறித்த மிளகை உலர்த்தி மலையிலுள்ள சோளக்காட்டுச் சந்தையில் விற்கிறார். அவருக்கு ஜிஎஸ்டி இல்லை. ஜெய்சால்மருக்குப் பிறகு அதில் சந்தேகமும் இல்லை. மகன் பக்கத்துத் தோட்டங்களிலும் மிளகு வாங்கிச் சேர்க்கிறான். அந்த மிளகைப் பொறுத்தவரை அவன் வியாபாரி. தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு வேண்டாம். ஒரே ஒரு மூட்டையைப் பாலக்காட்டுக் கடைக்கு அனுப்பினால்? அப்போது 40 லட்சம் என்ற கணக்கே கிடையாது. வரிக்குரிய பொருளை மாநில எல்லை தாண்டி விற்பவர் முதல் ரூபாயிலிருந்தே பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 24-வது பிரிவு. வெளிநாட்டுக்கு அனுப்புவதும் சட்டத்தின் பார்வையில் மாநிலம் தாண்டிய விற்பனைதான். ஆனால் அதே பையன் பலாப்பழத்தையோ வாழைத்தாரையோ மட்டும் கேரளாவுக்கு ஏற்றினால் பதிவே தேவையில்லை. பழத்துக்கு வரி கிடையாது என்பதால் அது ‘வரிக்குரிய பொருள்’ என்ற வார்த்தைக்குள் வராது. ஒரே வண்டியில் பழத்தோடு ஒரு மூட்டை மிளகும் ஏறினால் கதை மாறிவிடும்.

இணைய அங்காடிகளிலும் இதே கோடுதான். பதிவு செய்யாத சிறு விற்பனையாளர்களும் இணைய அங்காடி வழியே பொருள் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் அனுமதி வந்தது. அது சொந்த மாநிலத்துக்குள் மட்டும். பெங்களூருவிலிருந்து ஒருவர் ஆர்டர் போட்டால் அனுப்ப முடியாது. ‘சின்ன வியாபாரிகளுக்கு ஆன்லைனில் ஜிஎஸ்டி வேண்டாமாம்’ என்று காணொளியில் கேட்டு ஆரம்பிப்பவருக்கு இந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் காதில் விழுவதில்லை.

இன்னொரு இடம் இருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். ‘தனித்தனியாக விற்காதீர்கள், ஒன்றுசேருங்கள், உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்குங்கள்’ என்று அரசு விவசாயிகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தில் ‘விவசாயி’ என்றால் தனிநபர் அல்லது இந்துக் கூட்டுக் குடும்பம் மட்டுமே. நூறு விவசாயிகள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆனால், அந்தக் கம்பெனி விவசாயி அல்ல. தனித்தனியாக விற்றபோது இருந்த விலக்கு, அதே மிளகைச் சேர்ந்து விற்கும்போது கம்பெனிக்குக் கிடையாது. சேர்வதற்கு முன் இதை யாராவது எடுத்துச் சொன்னால் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். கட்டும் 5 சதவீதத்தை வாங்குபவர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்றால் பெரிய நஷ்டமும் இல்லை. பதிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டு ஆண்டு கழித்து நோட்டீஸ் வழியாகத் தெரிந்துகொள்வது மிகவும் கொடுமை.

சாமைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டிருக்கிறது. உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன, பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து சாமையும் தினையும் பொட்டலம் போட்டு விற்கப் பழகினார்கள். பொட்டலம் போடாமல் அளந்து விற்கும் தானியத்துக்கு வரி இல்லை. 2022 ஜூலை 18-க்குப் பிறகு, 25 கிலோ வரை முன்கூட்டியே எடைபோட்டு லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். கொல்லிமலைச் சாமை என்று பெருமையாகப் பெயர் அச்சடித்து ஒட்டும் அந்த லேபிள்தான் பொருளை வரிக்குரியதாக்குகிறது. லேபிள் இல்லாமல் வெளியூரில் யார் வாங்குவார்கள்? ஒட்டத்தான் வேண்டும். ஒட்டும் நாளிலேயே அதன் விளைவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

வருமான வரியில் தவறான யோசனை இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. ‘மலை சனங்களுக்கு வரி கிடையாது’ என்று சொல்பவர்களில் படித்தவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(26) பிரிவு பழங்குடியினரின் வருமானத்துக்கு விலக்கு தந்தது உண்மை. அது நாகாலாந்து, மணிப்பூர், திரிபுரா, அருணாசலப் பிரதேசம், மிசோரம், லடாக் போன்ற பகுதிகளிலும் ஆறாவது அட்டவணைப் பகுதிகளிலும் வாழ்ந்து, அங்கேயே சம்பாதிப்பவர்களுக்கு. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. கொல்லிமலை மலையாளி வியாபாரம் செய்து ஈட்டும் லாபம் சமவெளிக்காரரின் லாபம்போலத்தான் கணக்கிடப்படும். விலக்கு இருப்பது விவசாய வருமானத்துக்கு. அது எல்லா விவசாயிகளுக்கும் பொது.

அந்த விவசாய வருமானம் எங்கே முடிகிறது என்பதற்கு காப்பியைவிட நல்ல பாடம் கிடையாது. தோட்டத்தில் பறித்த பழத்தை அப்படியே விற்றால் முழுவதும் விவசாய வருமானம். தானே விளைவித்த காப்பியைப் பதப்படுத்தி விற்றால், பழைய விதி 7பி-இன்படி, லாபத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம். வறுத்து அரைத்துத் தூளாக்கி விற்றால் 40 சதவீதம். ஜிஎஸ்டியிலும் வறுக்காத கொட்டைக்கு வரி இல்லை, வறுத்ததற்கு 5 சதவீதம். ஒரு வறுசட்டி இரண்டு சட்டங்களையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடுகிறது. சிறு குடும்பத்துக்குக் கடைசியில் கட்டவேண்டிய வருமான வரி பூஜ்யமாகவே இருக்கலாம். ஆனால் கணக்கை எப்படிப் பிரித்து எழுதுவது என்று தெரிந்தால்தான் வங்கிக் கடனுக்குப் போகும்போது காட்ட ஒரு தாள் இருக்கும்.

இனி கடல் தாண்டிப் பார்ப்போம். சிங்கப்பூரில் இருக்கும் நண்பருக்கு இரண்டு கிலோ மிளகு விற்றால், நாம் அந்த நாட்டுக்கு வரி கட்ட வேண்டுமா? 2023 முதல் 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) உட்பட்ட பொட்டலங்களும் அங்கே ஜிஎஸ்டிக்குள் வந்துவிட்டன. 2024 முதல் விகிதம் 9 சதவீதம். ஆனால் உலகம் முழுவதுமான விற்பனை 10 லட்சம் வெள்ளியையும், சிங்கப்பூர் நுகர்வோருக்கான விற்பனை 1 லட்சம் வெள்ளியையும் தாண்டும் விற்பனையாளரே அங்கே பதிவு செய்ய வேண்டும். கொல்லிமலைப் பையன் நிம்மதியாகத் தூங்கலாம். மலேசியாவில் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 சதவீதம். அங்கேயும் பதிவுக்கான விற்பனை வரம்பு 5 லட்சம் ரிங்கிட். லண்டன் வேறு மாதிரி. 135 பவுண்டு வரையிலான பொட்டலத்தை நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் வெளிநாட்டவருக்கு, 2021 முதல் விற்பனை வரம்பே கிடையாது. வாட் பொறுப்பு விற்பவருடையது. கேட்டால் நெஞ்சு பதைக்கும். ஆனால் மிளகு, காப்பிக்கொட்டை போன்ற உணவுப் பொருள்களுக்கு அங்கே வாட் விகிதம் பூஜ்யம். பூஜ்ய விகிதப் பொருளை மட்டும் விற்பவர் பதிவிலிருந்து விலக்குக் கேட்கவும் வழி உண்டு. இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் முதல் வாக்கியத்தை மட்டும் சொல்பவர், கூரியர் அனுப்பவே பயந்து உட்கார வைத்துவிடுவார்.

அமெரிக்கா காட்டிய பாடம் இன்னொன்று. 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று முடிந்தது. அதற்கு நான்கு நாள் முன்பே இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை நிறுத்தியது. அக்டோபர் 15-இல்தான் மறுபடி தொடங்கியது. போன வருடம் சரியாக இருந்த ஆலோசனை இந்த வருடம் தவறாகிவிடலாம். ஆலோசனைக்கும் தேதி உண்டு.

நம் பக்கத்தில் செய்யவேண்டியது மலைக்க வைக்கும் அளவு பெரிதல்ல. ஏற்றுமதிக்கு ஐஇசி என்ற ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும், கட்டணம் 500 ரூபாய். ஜிஎஸ்டி பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணமே இல்லை. வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யுடி என்ற உறுதிக் கடிதத்தை நிதியாண்டுக்கு ஒருமுறை இணையத்தில் போட வேண்டும். பில் போட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் வரியும் 18 சதவீத வட்டியும். தபாலில் அனுப்புபவர்களுக்காக 2022 முதல் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற பெயரில் அஞ்சலகங்களில் ஏற்றுமதி மையங்கள் உண்டு. அங்கே தரும் அஞ்சல் ஏற்றுமதி அறிக்கைதான் ஏற்றுமதி நடந்ததற்குச் சாட்சி. மிளகுக்குக் கொச்சியில் தலைமையகம் உள்ள நறுமணப் பொருள் வாரியம், காப்பிக்கு பெங்களூருவில் உள்ள காப்பி வாரியம், பழத்துக்கும் தேனுக்கும் டெல்லியில் உள்ள அபிடா என்ற வேளாண் ஏற்றுமதி ஆணையம். ஒரே தோட்டத்துக்கு மூன்று ஊர்.

இந்தச் சுற்றலுக்குப் பயந்தவர்களிடம்தான் அந்தக் குறுக்கு யோசனை வருகிறது: ‘எதுக்குங்க வம்பு? கிஃப்ட்னு எழுதி அனுப்பிடுங்க.’ விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது பொய் அறிவிப்பு. பெட்டி மாட்டாமல் போனாலும், பணம் வங்கிக்கு வரும்போது அது எதற்கான பணம் என்ற கேள்விக்குத் தாள் இருக்காது. எதிர்த் திசையிலும் மிரட்டல் உண்டு. ‘எல்யுடியைப் புதுப்பிக்க மறந்துட்டீங்க, எல்லாத்துக்கும் வரி கட்டணும்’ என்று சொல்லி, சரிசெய்யத் தனிக் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றுமதி நடந்ததற்குச் சான்று இருந்தால் தாமதமான எல்யுடியைப் பின்தேதியிட்டு ஏற்கலாம் என்று 2019-இல் மத்திய வரி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கையே சொல்கிறது.

தேவையே இல்லாதவருக்கு ஜிஎஸ்டி எண் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காணாமல் போவது இன்னொரு வகை. எண் வந்துவிட்டால் வியாபாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும். வெறும் ரிட்டர்னுக்குக்கூடத் தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 500. ஒரு வருடம் மறந்திருந்தால் ஒரு மூட்டை உரத்தின் விலையைத் தாண்டிப் போய்விடும்.

இத்தனையிலும் பொறுப்பு யாருடையது? சட்டம் இதில் மட்டும் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறது. ஜிஎஸ்டி பிராக்டிஷனர் ஒருவரை வைத்து ரிட்டர்ன் போட்டாலும், அதிலுள்ள விவரங்கள் சரியா என்ற பொறுப்பு பதிவு செய்தவர் மேலேயே நிற்கும் என்று 48-வது பிரிவு சொல்கிறது. யோசனை சொன்னவர் தவறினால் நோட்டீஸ் வருவது யோசனை கேட்டவருக்கு. பொறுப்பை எழுத்தில் வைத்துக்கொள்வது வணிகத்தில் புதிதல்ல. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் போய்வந்த கப்பல் ஒன்றின் சரக்குக்காக எழுதிய ஒப்பந்தம், பாபிரஸ் தாளில், இன்று வியன்னாவில் இருக்கிறது. அலெக்சாந்திரியாவில் சரக்கை எந்தக் கிடங்கில் வைப்பது, நான்கில் ஒரு பங்கு வரியை எப்படிச் செலுத்துவது என்பதெல்லாம் அதில் எழுத்தில் உண்டு. பெரிய வியாபாரிக்கு எழுத்தில் பதில் வாங்கும் வசதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

நாமக்கல்லில் ஆடிட்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. வளைகுடாவுக்கு முட்டை ஏற்றுமதி செய்யும் ஊர் அது. சுங்கம், எல்யுடி, ரீஃபண்டு எல்லாம் அங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கன்டெய்னர் கணக்கில் அனுப்புபவரின் வேலையை விட்டுவிட்டு, ஆண்டுக்கு முப்பது பொட்டலம் அனுப்பும் பையனுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே பையன் ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் காணொளியிலும் மண்டிக்காரரிடமும் கேட்கிறான். மண்டிக்காரர் சொல்வது அவருக்குச் சாதகமான பதிலாக இருந்தாலும் அதை அறிய வழியில்லை.

அரசிடமே கேட்க முன்தீர்ப்பு ஆணையம் என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. மத்திய, மாநிலச் சட்டங்கள் இரண்டுக்கும் தலா 5,000 வீதம் 10,000 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். வாதாட ஆள் வேண்டும். வரும் தீர்ப்பு கேட்டவரையும் அவருக்குரிய அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். பெரக்கரை நாட்டுக்காரர் ஒருவர் வாங்கிய தீர்ப்பை வளப்பூர் நாட்டுக்காரர் காட்ட முடியாது. பத்தாயிரம் ரூபாய்க்கு மிளகு விற்பவர் பத்தாயிரம் ரூபாய்க்குக் கேள்வி கேட்பாரா?

கையில் இருக்கும் வழிகளைக்கொண்டே ஒருவர் தன்னைக் கொஞ்சம் காத்துக்கொள்ளலாம். யோசனை சொல்பவரிடம், ‘எந்தப் பிரிவில் இருக்குன்னு வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி எழுதி அனுப்புங்கண்ணா’ என்று கேட்டாலே போதும். தெரிந்தவர் அனுப்புவார், தெரியாதவர் பேச்சை மாற்றுவார். ஆடிட்டர் என்று சொல்பவருக்கு பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் உறுப்பினர் எண் இருக்கும். அவர் கையெழுத்திடும் சான்றிதழில் யுடின் என்ற 18 இலக்க எண் இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். ‘வாங்கித் தரும் ரீஃபண்டில் இத்தனை சதவீதம்’ என்று கூலி பேசுபவரிடம் எச்சரிக்கை தேவை. பலனைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதைப் பட்டயக் கணக்காளர்களின் நடத்தை விதிகள் பொதுவாகத் தடை செய்கின்றன. பான், ஆதார் நகலை யாரிடமும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. ஏழைகள் பெயரில் போலி நிறுவனம் தொடங்கி, கோடிக்கணக்கில் பில் போட்ட செய்திகள் தமிழ்நாட்டில் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஆனால் இவை தனி ஆளின் சாமர்த்தியம். அதோடு நின்றுவிட முடியாது. அமெரிக்கா 1998-இல் சட்டம் இயற்றி, குறைந்த வருமானக்காரர்களுக்கான வரி மையங்களுக்கு அரசுப் பணம் தருகிறது; அவற்றில் பல சட்டக் கல்லூரிகளில் நடக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2019 முதல் பல்கலைக்கழகங்களில் வரி மையங்கள் உண்டு. மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிறு வியாபாரிகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் அரசுக் கல்லூரிகளில் வணிகவியல் படிக்கும் கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எது? சேலத்தில் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கிளை இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் மேற்பார்வை பார்த்து, மாநில வணிகவரித் துறையிலிருந்து ஒரு அதிகாரி உடன் உட்கார்ந்தால் போதும்.

அப்படி அமையும் ஆலோசனை மேசையில் மூன்று விஷயங்களில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதில் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். மத்திய வரி வாரியத்தின் சுற்றறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன, ஜெய்சால்மர் விளக்கம்கூட மிளகு விளையும் ஊர்களின் மொழியில் அந்த ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மூன்றாவது, அந்தப் பதிலை நம்பி நடந்தவருக்குப் பின்னால் அபராதம் போடக் கூடாது. பதில் தவறாக இருந்தால் வரியைக் கட்டட்டும்; அபராதமும் வட்டியும் பதில் சொன்ன அரசின் பக்கம் நிற்கட்டும். இந்த மூன்றாவதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும். 40 லட்சம் ரூபாய்க்குக் கீழே விற்பவர்களுக்கு மட்டும் என்று தொடங்கினாலும் கஜானாவுக்குப் பெரிய இழப்பு வராது.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட 2025 சட்டம், 2026 ஏப்ரல் 1 என்ற தேதியை அமலுக்குக் குறித்திருக்கிறது. நாற்பது, ஐம்பது வருடமாக ஆடிட்டர்கள் வாயில் புழங்கிய பிரிவு எண்கள் எல்லாம் அதோடு மாறுகின்றன. மேலே நான் எழுதிய 10(26) உட்பட. எல்யுடியும் ஆண்டுதோறும் மார்ச் 31-இல்தான் காலாவதி ஆகிறது. மலையில் மிளகு பறிப்பு தையிலும் மாசியிலும் மும்முரமாக நடக்கும். களங்களில் மிளகு காய்ந்து கறுக்கும் அந்த வாரங்களில், சோளக்காட்டுச் சந்தையில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட, மாவட்ட நிர்வாகம் இந்த வருடமே முயலலாம்.